பதின்மூன்றாவது பெண்

அங்கே உட்காராதீங்க, இவர்கள் வீசி ஆடுகிற ஃபிரிஸ்பீ தட்டு அங்கே வந்து விழும். போன மாதம் ஒரு பெரியவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். சாம்பார் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இப்படி வாங்க. இந்தப் படகின் நிழல் ஏழரை மணி வரைக்கும் இருக்கும். புடவையில் மணல் ஒட்டினால் தட்டிவிட்டுக்கொள்ளலாம், சாம்பார் ஒட்டினால் என்ன செய்வது?

அந்த மஞ்சள் சட்டை உங்கள் பெண்ணா? முதல் நாளாகத்தான் இருக்கும், மணலில் ஓட ஷூ மாட்டி அனுப்பியிருக்கிறீர்களே. கழற்றச் சொல்லிவிடுவார்கள், கவலைப்படாதீங்க. என் பெண்ணையும் முதல் நாள் நான் ஷூவோடுதான் கூட்டி வந்தேன், அதுவும் பாலிஷ் போட்ட ஸ்கூல் ஷூ. நான் கான்வென்ட்டில் படித்தவள். பி.டி. பீரியட் என்றால் சிஸ்டர் பெனடிக்டா குனிந்து ஒவ்வொரு ஷூவாகப் பார்ப்பார், ஒரு புள்ளி அழுக்கு இருந்தால் அன்றைக்கு முழுக்க வெயிலில் நிற்க வேண்டியதுதான். அப்படி வளர்ந்தவளுக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. பையனும் பெண்ணும் ஒரே அணியில். நாலு பையன் மூன்று பெண், கொஞ்ச நேரம் கழித்து நாலு பெண் மூன்று பையன். எதிர்வீட்டு மாமி கேட்டாள், "என்ன பிலோமினா, பொண்ணைப் பசங்களோட கட்டிப் புரள விட்டுட்டே?" என்று. "கட்டிப் புரண்டா ஃபவுல் மாமி, மேல படவே கூடாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஃபவுல் என்றால் அவளுக்கு என்ன தெரியும்?

இதற்கு நடுவர் கிடையாது, சொன்னார்களா உங்களிடம்? சொல்லியிருக்க மாட்டார்கள். விசில் ஊதுகிற ஆளே இல்லை. இடித்தவன் தானே சொல்ல வேண்டும். இல்லை, இடிபட்டவன் ஃபவுல் என்று கத்த வேண்டும். கத்தினால் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். இடித்தவன் ஒத்துக்கொண்டால் சரி. கண்டெஸ்ட் என்று சொன்னால், அதாவது நான் இடிக்கவில்லை என்றால், தட்டு முதலில் வீசினவர் கைக்கே திரும்பிப் போகும், அங்கேயிருந்து மறுபடியும் ஆடுவார்கள். வெளிநாட்டுப் போட்டியிலும் இதே கதைதானாம். ஏமாற்ற மாட்டார்களா என்று நான் கோச்சிடம் கேட்டேன். மாறன் என்று பெயர், அதோ தொப்பி போட்டவன். "ஏமாத்தலாம் ஆன்ட்டி, யாரும் தடுக்க மாட்டாங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. எங்கள் ஸ்கூலில் ஒவ்வொரு வராந்தாவிலும் ஒரு சிஸ்டர் நிற்பார். அதனால்தான் நாங்கள் ஒழுங்காக இருந்தோம்.

என் மகளா? செலின். இல்லை, இங்கே தேடாதீங்க, அவள் இன்றைக்கு வரவில்லை. அவள் இப்போது புனேயில் இருக்கிறாள்.

ஐந்து வருஷம் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து முட்டை அவித்து, வேர்க்கடலை அவித்து, தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து. என் வீட்டுக்காரர் அருளப்பன், எல்.ஐ.சி.யில் இருந்து ரிட்டையர் ஆனவர், ஒரு நாள் எழுந்ததில்லை. "உனக்கு எதுக்கு பிலோ இந்த வேலை?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பார். எதற்கு என்றால், அந்தப் பிள்ளை நாட்டுக்காக ஆடப் போகிறது. நெஞ்சில் இந்தியா என்று எழுதிய சட்டை. நான் ஸ்கூலில் வாலிபால் ஆடினேன், தெரியுமா? ஜில்லா அளவில். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் அப்பா பாவாடை தாவணி தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், முடிந்தது. அதை விடுங்க, அது பழைய கதை.

அதோ நெட்டையாக ஒருத்தி, கொண்டையை உச்சியில் முடிந்திருக்கிறாளே, அவளைப் பாருங்க. பாருங்க, பாருங்க, குதிக்கப் போகிறாள். பார்த்தீங்களா? நாகவள்ளி. நாகு. பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். இவளும் செலினும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். முதல் வாரத்திலிருந்தே இரண்டு முட்டையை நாலாக்கிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, செலின் ஓடுவாள், நாகு பறப்பாள். அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இந்திய அணிக்கு ஆள் எடுத்தார்கள். பிலிப்பைன்ஸில் போட்டி. இவர்கள் இரண்டு பேரும் முகாமுக்குத் தேர்வானார்கள். மூன்று மாதம், தினமும் பயிற்சி. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் உடனே விண்ணப்பம் போடுங்கள் என்று மாறன் சொன்னான். நாகு வீட்டில் யாருக்கு பாஸ்போர்ட் இருக்கும்? நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். "ஆன்ட்டி இருக்கறதால தைரியமா இருக்கு" என்று மாறன் எல்லோர் முன்னாலும் சொன்னான். போன் நம்பர் என்று ஒரு கட்டம் வந்தது. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். நடுக்கடலில் டவர் ஏது? என் நம்பரைப் போட்டேன். பாஸ்போர்ட் ஆபீசுக்கு நானே கூட்டிக்கொண்டும் போனேன், டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். விரல் ரேகை எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள் பாருங்க, விடவே இல்லை. "ஒரு கையைக் குடும்மா, அதை மெஷின்ல வைக்கணும்" என்று அங்கே இருந்த பெண் சொல்லிச் சிரித்தது. இனிமேல் போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி, போன் வரும், ஒரிஜினலோடு போக வேண்டும் என்றார்கள்.

அதற்கு ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது. இங்கேதான், இதே மணலில் வட்டமாக உட்கார வைத்து மாறன் படித்தான். ஒவ்வொரு பேருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கைத்தட்டு தட்டுவார்கள், அது இவர்கள் பழக்கம். பெண்களில் பன்னிரண்டு பேர். நாகு ஒன்பதாவது. என் மகள் பதின்மூன்றாவது. ரிசர்வ். யாராவது ஒருத்தி விலகினால் இவள் போகலாம். அவளுக்கும் தட்டினார்கள். மற்ற பன்னிரண்டு தட்டும் ஒரு மாதிரி, அந்தத் தட்டு வேறு மாதிரி. எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. செலின் அழவில்லை. நாகுதான் செலினைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேர்வானவள் அழுகிறாள், தேர்வாகாதவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அழுவதையாவது எங்களுக்கு விட்டுத்தரக் கூடாதா?

போன் எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வியாழக்கிழமை. பட்டியல் வந்து நாலு நாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். சங்கரா மீன். நாகுவின் அம்மா கொடுத்தனுப்பியது, மகள் தேர்வானதற்கு. ஸ்டேஷனிலிருந்து பேசினார்கள், நாளைக்குப் பத்து மணிக்கு நாகவள்ளியை அனுப்புங்கள் என்று. "சரி சார்" என்றேன். மீன் கையோடு பேசினதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மறந்துவிட்டேன். மனுஷிதானே. குழம்பு வைத்தேன், துணி காயப் போட்டேன், மறந்துவிட்டேன்.

மறுநாள் பயிற்சியில் நாகு ஓடி வந்து கேட்டாள், "ஆன்ட்டி, போன் வந்துச்சா?" என்று. "வந்தா சொல்றேன்மா" என்றேன். நீங்களே சொல்லுங்க, இதில் பொய் எங்கே இருக்கிறது? வந்தால் சொல்கிறேன் என்பது பொய்யா?

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போன். "என்னம்மா, அந்தப் பொண்ணு வரவே இல்லையே" என்று அதட்டலாகப் பேசினார். நான் கோவிலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறேன், அந்தோணியார் நவநாள். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் ஊரில் இல்லை சார் என்று சொன்னேன். அவள் அத்தை வீடு காசிமேட்டில் இருக்கிறது, அங்கே போவேன் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். காசிமேடு வேறு ஊர் மாதிரிதானே? இங்கேயிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். எப்போது வருவாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியாது. நவநாளில் முழங்காலில் நின்று செலினுக்காக நன்றாக வேண்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான். நான் செய்தது அவ்வளவுதான். விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் நகல் கொடுக்கக் கடைசி நாள் வந்தது, போனது. நாகுவின் அப்பா ஸ்டேஷனுக்குப் போய் நின்றார், அங்கே வேறு யாரோ இருந்தார்கள், ரிப்போர்ட் போயாச்சு போ என்று விரட்டிவிட்டார்கள். பதின்மூன்றாவது பெண் பன்னிரண்டில் வந்துவிட்டாள்.

நாகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு நின்றேன். வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க ஆன்ட்டி, எங்க வீட்டு ராசி அப்பிடி. பரவால்ல, செலின் போறால்ல, நானே போற மாதிரிதான்." பால் பொங்கி வழிந்தது, துடைக்கிறேன் துடைக்கிறேன் என்று குனிந்துகொண்டேன்.

சட்டை வந்தது. நீலச் சட்டை, முதுகில் செலின் என்று, கீழே எண் இருபத்தொன்று. உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்தேன், எழுத்து போய்விடக்கூடாது பாருங்க. நிழலில் காயப் போட்டேன். மூன்று நாள். அந்த மூன்று நாளைப் போல இந்த வீட்டில் நான் என்றைக்கும் இருந்ததில்லை. அருளப்பன்கூட அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் பரவாயில்லை என்பது பெரிய வார்த்தை.

நாலாவது நாள் செலின், இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று நாகுவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். யார் போகச் சொன்னது? தன் இடம் போய்விடுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா அந்தப் பெண்? நாகு ஸ்கூட்டரோடு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே அன்றைக்குப் போன் பண்ணின ஏட்டு இருந்திருக்கிறார். "ரெண்டு தடவை பேசுனேன்மா, ஒரு லேடி எடுத்தாங்க, ஊர்லயே இல்லைன்னுட்டாங்க" என்று சொல்லி நோட்டைத் திருப்பி நம்பரைக் காட்டியிருக்கிறார். ஒன்றாம் வகுப்பில், தொலைந்து போனால் சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்த நம்பர்.

நான் அந்தச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். மைதானத்தில் நிற்கிற மாதிரி நின்றாள். "அம்மா, ஃபவுல் கூப்பிடறேன்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்தது. ரெண்டு தடவை. ஒத்துக்கறியா, கண்டெஸ்டா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? பெற்றவளை நிற்க வைத்து வீட்டுக்குள்ளேயே விசாரணையா? எங்கள் அம்மாவிடம் நான் அப்படிப் பேசியிருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

"கண்டெஸ்ட்" என்றேன். அயர்ன் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"சரி, அப்ப தட்டு திரும்பிப் போகணும்" என்றாள். அயர்ன் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தச் சட்டையை உருவிக்கொண்டு போனாள். மறுநாள் மாறனிடம் கொடுத்துவிட்டாள், முழங்கால் வலி என்று. எங்கே திரும்பிப் போகும்? நாகுவுக்குத்தான் பாஸ்போர்ட் இல்லையே. பதினோரு பெண்களோடு அணி விமானம் ஏறியது. இவளும் போகவில்லை, அவளும் போகவில்லை. விளையாட்டுச் சட்டம் விளையாட்டுக்குத்தான் சரி, வீட்டுக்கு ஒத்துவராது என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

நாகுவிடம் செலின் ஒன்றும் சொல்லவில்லை. "அது நான் சொல்றது இல்ல. இடிச்சவங்கதான் சொல்லணும். நீ அவகிட்ட சொல்லிட்டு எனக்கு போன் பண்ணு" என்றாள் என்னிடம், பெட்டியை மூடிக்கொண்டே. புனேயில் வேலை கிடைத்துவிட்டது. பதினாலு மாதம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் என் வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போடுங்க என்று நான் சைகை காட்டுவேன். போடுவார். இரண்டு வார்த்தை வரும், "என்ன சாப்பிட்டீங்கப்பா" என்கிற வரைக்கும். அதற்குள் கண்டுபிடித்துவிடுவாள், குரல் எதிரொலிக்கும் போலிருக்கிறது. "ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்கப்பா" என்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன், அரிசி களைய. "சொல்லித்தான் தொலையேன் பிலோ. ஒரு நிமிஷ வேலை" என்பார் பிறகு. ஒரு நிமிஷ வேலையாம். அவர் வாழ்நாளில் ஒரு நிமிஷ வேலை எதையாவது ஒரு நிமிஷத்தில் செய்திருக்கிறாரா?

பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு போன் வந்தது ஃபாதர், மறந்துவிட்டேன் என்று சொன்னேன். "மறதி பாவமில்லையேம்மா. வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள், எத்தனை நேரம்தான் மண்டியிட்டிருப்பது?

அதனால்தான் வருகிறேன், ஒவ்வொரு ஞாயிறும். இந்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் முட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். நாகு ஓடி வந்து சாப்பிடுவாள், மஞ்சள் கருவை எனக்குத் தருவாள், அவளுக்குப் பிடிக்காது. அந்த நேரம் சொல்லலாம். ஆனால் வாயில் முட்டையோடு இருக்கிற பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது? சாப்பிட்டு முடித்ததும் ஓடிவிடுவாள்.

இதோ வருகிறாள். இடைவேளை விட்டுவிட்டார்கள். நீங்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளாதீங்க.

வாம்மா. மூச்சு வாங்குறியே, உட்காரு. இவங்க பொண்ணு புதுசா சேந்திருக்கா, அந்த மஞ்சள் சட்டை. ஆமா, ஷூதான், கழட்டச் சொல்லு. இந்தா டப்பா. என்ன சிரிப்பு? என்னது? எப்ப சொன்னாங்க? ஜப்பானா? நாலாவது பேரா!

கேட்டீங்களா? இந்த வருஷ அணியில் நாலாவது பேராம். என்னைப் பற்றி என்னமோ சொல்கிறாளே, கேட்காதீங்க அதை. "இந்த ஆன்ட்டி இல்லன்னா எனக்கு ஃபார்ம்னா என்னன்னே தெரியாதுங்க. ஆபீஸ்ல நாள் முழுக்க என்கூடவே இருந்தாங்க" என்று யாரைப் பார்த்தாலும் இதே பாட்டு. போதும்மா, விடு.

என்ன ஃபார்ம்? பாஸ்போர்ட்டுக்கா? மறுபடி போடணுமா? சரி. நெட் சென்டர்ல நீயே போட்டுடுவியா? நல்லது. நம்பரா?

"உங்க நம்பரே போட்டுடறேன் ஆன்ட்டி. அப்பா போன்தான் கடலுக்குப் போயிடுதே."

இல்லம்மா. என் நம்பர் வேணாம். ஏன்னா... ஏன்னா, அது வந்து நாகு... எனக்கு இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்லம்மா. போன் அடிச்சாலே தெரியறதில்ல. இவங்க நம்பரை எழுதிக்கோ. இவங்க நல்லவங்க. வாரா வாரம் வருவாங்க. ஏங்க, உங்கள் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க அவளுக்கு. சொல்லுங்க, சும்மா பார்க்காதீங்க. கையிலேயே எழுதிக்கிறியா, எழுது.

அழாதே, ஒண்ணும் இல்ல, வயசானா காது போறதுதான். டாக்டரா? நீ எதுக்கும்மா என்னைக் கூட்டிட்டுப் போகணும்? உனக்கு ப்ராக்டிஸ் இல்ல? சரி சரி, புதன்கிழமை போகலாம். போ, விசில்... விசில் ஏது, போ, கூப்பிடறாங்க பாரு.

போய்விட்டாள். காது டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போகிறாளாம். மஞ்சள் கரு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பார்த்தீங்களா, மறக்காமல்.

சொல்லத்தான் வந்தேன். நீங்களே பார்த்தீங்களே, வாய் வரைக்கும் வந்தது.

நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க? எழுந்து போகப் போகிறீங்களா? போங்க, நான் பிடித்து வைக்கவில்லை. ஒரு நிமிஷம். அவளிடம் சொன்ன நம்பர் உங்களுடையதுதானே? எல்லா எண்ணும் சரியாகச் சொன்னீங்களா? நான் அந்த நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன். கோபப்படாதீங்க, உங்களை எனக்குத் தெரியாது, மனுஷங்களை நம்ப முடியாது.

அடிக்கிறதா? போன் உங்கள் பையில்தானே இருக்கிறது, அடிக்கிறதே. பார்த்துக்கொண்டே நிற்காதீங்க. எடுங்க.